தட்டா, வெள்ளரியா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். என் மூக்கைச் சரியாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது சின்ன மூக்கு. அதன் மேல் கோபம் உட்கார இடமில்லை, அதனால் வந்த வேகத்தில் வாய் வழியாக இறங்கிப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் எதற்குக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பேர் எடுத்தது எடுத்ததுதானே. ‘வெடுக்கு’ என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிடுகிற தைரியம் எங்கள் மேடத்துக்கு மட்டும் உண்டு.

என் வேலை பார்ப்பது. கேலியாகச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு விண்மீன் திரள், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூடி வாழ்கிற ஒரு கூட்டுக் குடும்பம். பிரபஞ்சம் பிறந்து நூறு, இருநூறு கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது கிளம்பிய வெளிச்சம் அது. இப்போது அதன் வயது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி என்பதால், நான் பார்ப்பது பிரபஞ்சத்தின் பால்குடிப் பருவத்துப் படங்கள். பார்த்துவிட்டு அதன் வடிவம் என்ன என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உருண்டை, தட்டு, வெள்ளரி, எதிலும் சேராததற்கு அலங்கோலம். இப்படி ஆயிரக்கணக்கில்.

கேட்கச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். தட்டை நேராகப் பார்த்தால் வட்டம், விளிம்பிலிருந்து பார்த்தால் நீளமாக ஒரு கோடு. வெள்ளரிக்காயைப் பக்கவாட்டில் பார்த்தாலும் நீளமாகத்தான் இருக்கும், காம்புப் பக்கமிருந்து பார்த்தால் உருண்டை. அத்தனை தொலைவில் இருக்கிற திரளிடம் போய் “கொஞ்சம் திரும்பி நில்லு” என்று சொல்ல முடியாது. நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறதா, முனைகள் மெலிந்து போகின்றனவா, இல்லை கடைசி வரை ஒரே பருமனாக மழுங்கி முடிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதுவும் நாலைந்து புள்ளி மங்கலான வெளிச்சத்தில்.

இதில் என்ன இருக்கிறது என்று என் அக்கா கேட்பாள். நிறைய இருக்கிறது. உள்ளே விழுகிற வாயு சுழன்று சுழன்று படிந்தால் தட்டாகும். ஒரே திசையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை வழியாகத் தீனி வந்துகொண்டே இருந்தால் நீளவாக்கில் வளரும், வெள்ளரியாகும். முதல் நாட்களில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதி அலங்கோலமாகத்தான் கிடந்திருக்கும் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். புதிய படங்கள் வந்தபிறகு பார்த்தால், அந்த வயதிலேயே ஒழுங்காகச் சுழலும் தட்டுகளும் இருக்கின்றன. எவ்வளவு தட்டு, எவ்வளவு வெள்ளரி என்பதுதான் சண்டை. பால்குடி மறக்குமுன் குழந்தை எழுந்து நடந்ததா, தவழ்ந்ததா என்று கேட்கிற மாதிரி.

எங்கள் குழுவில் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று ஓட்டு. மேடம் ஒன்று, நான் ஒன்று, மூன்றாவது ‘நிதானம்’. அந்த மனிதர் ஒரு படத்தைப் பார்க்கிற நேரத்தில் நான் பத்தைப் பார்த்துவிடுவேன். தலையைச் சாய்த்துப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பார். நாற்காலியைத் திருப்பி அவரை இரண்டு தட்டு தட்டலாமா என்று இருக்கும்.

ஓட்டுப் போடும் மூவரும் திரள்களைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. இது மேடத்தின் சட்டம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் ஒத்து ஊதினால் மூன்று ஓட்டு எதற்கு, ஒன்றே போதுமே. இதைக் கண்காணிக்க ஒரு புள்ளியியல்காரர் இருந்தார். அவருக்குத் ‘தராசு’ என்று பேர். சிரித்ததே கிடையாது. யாரோடு யார் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று ஓர் எண் கணக்கிட்டு வாராவாரம் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்.

தொடக்கத்தில் எனக்கும் நிதானத்துக்கும் அந்த எண் பரிதாபமாக இருந்தது. இரண்டு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருந்தால்கூட எங்களைவிட நன்றாக ஒத்துப்போயிருப்பார்கள். நீளமாக எது வந்தாலும் நான் தட்டு என்பேன், அவர் வெள்ளரி என்பார். சுவரில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டலாம் என்றால் சட்டம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

ஆனால் சட்டம் திரள்களைப் பற்றித்தான். குடையைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

மழை பெய்த ஒரு நாள், தேநீர் இடைவேளையில், மூலையில் ஈரக் குடை ஒன்று சாய்ந்து நின்றது. நான் அதைக் காட்டி, “இது என்னங்க?” என்றேன். வம்புக்குத்தான்.

நிதானம் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குடையைப் பார்த்தார்.

“வெள்ளரி,” என்றார்.

“விரிச்சா?”

“தட்டு.”

“அப்ப குடைங்கறது எது?”

“நாம நனையாம இருக்கறப்ப அது எதுவா இருக்கோ அதுதான். அப்ப தட்டுன்னே வச்சுக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து தேநீர் இடைவேளை என்றால் நீதிமன்றம்தான். செருப்பு வெள்ளரி, நடந்து தேய்ந்த செருப்பு தட்டு. மின்விசிறி ஓடினால் தட்டு, நின்றால் அலங்கோலம். வாசலில் நிற்கும் காவலாளியின் வயிறு முன்னாலிருந்து பார்த்தால் தட்டு, பக்கத்திலிருந்து பார்த்தால் சந்தேகமில்லாமல் உருண்டை. ஒரு நாணயத்தை மேசையில் நிறுத்தி, கன்னத்தை மேசையோடு ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்துவிட்டார். நாணயம் தொலைந்துபோய்த் தேடுகிறோம் என்றேன். நாணயம் என் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். பேருந்தில் போகும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையை வகைப்படுத்துவேன், நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்துவைத்துக்கொள்வேன். இதற்கு என்ன பேர் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருப்பார், ஆனால் யோசித்து முடித்திருக்கமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை தராசு சுவரில் எதையும் ஒட்டாமல் நேரே மேடத்தின் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். மேடத்தின் கணினியில் ஒரு வரைபடம். இரண்டு மாதமாக ஒரு கோடு மாடிப்படி ஏறுவதைப் போல ஏறிக்கொண்டே போயிருந்தது.

“இது என்ன தெரியுதா?” என்றார் தராசு. “நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற அளவு. மேடத்தோட ரெண்டு பேருக்கும் பழைய அளவுதான். உங்களுக்குள்ள மட்டும் ஏறியிருக்கு. எனக்குத் தெரிஞ்சு இப்படி ஏறணும்னா ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து எழுதணும்.”

“கேலக்ஸி பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல,” என்றேன். அது சத்தியம்.

“பேசாமலும் பார்க்கலாமே. பக்கத்துப் பக்கத்துல உக்கார்றீங்க.”

மேடம் என்னையே பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இந்த நிலைமையில ரெண்டு ஓட்டையும் என்னால வச்சுக்க முடியாது, வெடுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னா ஒண்ணைத்தான் எண்ணணும். நாளைக்குத் தனித்தனி அறையில உக்கார வைக்கறோம். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பொய்க் கேலக்ஸி அறுபது. ஒவ்வொண்ணோட நிஜ வடிவமும் தராசுக்குத் தெரியும். எல்லாமே நீளமா தெரியற மாதிரிதான் இருக்கும். தட்டா, வெள்ளரியா, ரெண்டே பொத்தான். அப்பவும் ரெண்டு பேரும் இதே மாதிரி ஒத்துப்போனா ஒருத்தர் ஓட்டை எடுத்துடுவேன். மொத்தமா, முதல் நாள்லேருந்து.”

ஓட்டுப் போனால் ஆய்வுக் கட்டுரையில் பேர் போகும். அதைக்கூட விட்டுவிடலாம். என் கண் என்னுடையதில்லை, இன்னொருவர் கண்ணுக்கு ஜால்ரா என்று ஆகிவிடும். எனக்கென்று இருக்கிற ஒரே சொத்து இந்த இரண்டு கண்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். காலை வண்டி முடிந்து சாயங்காலம் கூடத்தில் ஒரு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பார். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அக்கா குடையிலிருந்து நாணயம் வரை பொறுமையாகக் கேட்டாள்.

“ஏண்டி, ரெண்டு மாசமா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கறியே, அது இதுதானா?”

“அக்கா, என் ஓட்டே போகப்போகுது.”

“போகாம என்ன பண்ணும்? அவர் ‘ஊம்’னா நீயும் ‘ஊம்’ங்கற. உங்க அத்தானுக்கும் எனக்கும் கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான். அவருக்குப் பிடிக்கும்னு நானும் ஒரு வருஷம் சர்க்கரை இல்லாம டீ குடிச்சேன்.”

அத்தான் துணியிலிருந்து தலையை நிமிர்த்தினார். “எனக்குச் சர்க்கரை பிடிக்குமே. உனக்குப் பிடிக்காதுன்னுதானே நான் விட்டேன்.”

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு தனி விசாரணை தொடங்கிவிட்டது. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ‘அவர் ஊம் என்றால் நீயும் ஊம்’ என்ற வார்த்தை காதிலேயே நின்றது. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்தா? சரி, நாளைக்குக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். அவர் கண்ணும் என் கண்ணும் ஒன்றாகப் பார்க்கிறதா? அப்படியானால் எனக்குத் தட்டாகத் தெரிவதற்கு வெள்ளரி என்று போடுவேன், வெள்ளரிக்குத் தட்டு என்று போடுவேன். கிழக்கும் மேற்குமாகப் போய்விடும். பரீட்சையில் வேண்டுமென்றே தப்புப் போட்டால் வடிவம் பார்க்கத் தெரியாதவள் என்று ஆகிவிடுமே என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. வெடுக்கு என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

மறுநாள் என்னை நூலக அறையில் உட்காரவைத்தார்கள், அவரை மாடியில். அறுபதையும் தலைகீழாகப் போட்டேன். அழகான தட்டு ஒன்று வந்தது. நடுவில் புடைப்பு, இரண்டு பக்கமும் மெலிந்த முனை, குழந்தைகூடச் சொல்லிவிடும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெள்ளரி என்று அழுத்தினேன். என் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

மதியம் மேடத்தின் அறையில் கூடினோம். தராசு தன் மடிக்கணினியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அறுபதுல ஐம்பத்தொண்ணு ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்க,” என்றார்.

என் தலையில் இடி விழுந்தது. நான்தான் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டேனே. அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?

“அது இருக்கட்டும்,” என்றார் தராசு. “இது பெரிய கூத்து. இவங்களுக்கு அறுபதுல ஐம்பத்தாறு தப்பு. அவருக்கு ஐம்பத்தஞ்சு தப்பு. கண் தெரியாதவங்க பொத்தானை அழுத்தினாக்கூட முப்பது சரியா வந்துடும். இத்தனையும் தப்பாப் போடணும்னா இத்தனையும் சரியாத் தெரிஞ்சிருக்கணும்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வேணும்னே மாத்திப் போட்டேன் மேடம்,” என்றேன். “என் கண்ணு வேற, அவர் கண்ணு வேறன்னு காட்டணும்னு.”

எல்லோரும் நிதானத்தைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

“நானும் மாத்தித்தான் போட்டேன்,” என்றார்.

“நீங்க எதுக்கு?” இது நான்.

“ஒருத்தர் போயாகணும்னு சொன்னாங்க. தப்பா போடறவரைத்தானே எடுப்பாங்க. நான் தப்பாப் போட்டா உங்க ஓட்டு நிக்கும்னு நினைச்சேன்.”

எனக்கு முதலில் வந்தது வெட்கம். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னேன், இந்த மனிதர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார். அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே, ஒரு நொடிகூட இடைவெளி விடாமல், கோபம் வந்தது.

“உங்களை யாரு விட்டுக்குடுக்கச் சொன்னது? ஓட்டுன்னா என்ன, பஸ்ல எழுந்து இடம் குடுக்கற மாதிரியா? நீங்க கண்ணைக் கழற்றிக் கிணத்துல போட்டுட்டு எனக்கு நல்லது பண்ணினதா நினைச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருக்கீங்க. எனக்கு அப்படி ஒரு ஓட்டு வேண்டவே வேண்டாம்.”

“சரிங்க,” என்றார்.

“சரின்னா என்ன அர்த்தம்?”

“தப்புதாங்க.”

மேடம் கையைத் தூக்கினார். “ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. தராசு, இவங்க ஏன் ஒத்துப்போறாங்கன்னு இப்பவாவது தெரியுதா? என்னதான் பண்ணீங்க ரெண்டு மாசமா?”

வேறு வழியில்லாமல் குடை, செருப்பு, மின்விசிறி எல்லாவற்றையும் சொன்னேன். காவலாளியின் வயிற்றை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு பொருள் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும், திருப்பினால் எப்படி இருக்கும் என்று நாள்தோறும் அடித்துக்கொண்டதில் இரண்டு பேருக்கும் கண் பழகிவிட்டது. எனக்கு வெள்ளரி தெரிய ஆரம்பித்திருந்தது, அவருக்குத் தட்டு. சட்டத்தை மீறாமலே சட்டத்தைக் கவிழ்த்திருந்தோம்.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே கண்ணா ஆயிட்டீங்க,” என்றார் மேடம். அவர் குரலில் வருத்தம் இருந்தது. “ஒரு ஓட்டுதான்.”

“ஒரு நிமிஷம் மேடம்,” என்றார் தராசு. அவர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். “சரியாச் சொல்றதுல ஒத்துப்போனா அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. நிஜம் ஒண்ணுதானே இருக்கு, அதைப் பார்க்கற எல்லாரும் ஒத்துத்தான் போவாங்க. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினாங்களான்னு கண்டுபிடிக்கணும்னா தப்பைத்தான் பார்க்கணும். பரீட்சையில காப்பி அடிச்சவன் பக்கத்துல இருக்கறவனோட தப்பையும் சேர்த்துத்தானே எழுதுவான்.”

மாற்றிப் போட்டதை மறுபடி மாற்றினால் என் கண் உண்மையில் ஏமாந்தது நாலு படத்தில், அவர் கண் ஏமாந்தது ஐந்தில். அந்த நாலும் இந்த ஐந்தும் ஒன்றா என்பதுதான் கேள்வி. தராசு விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு முக்கியமாக இல்லை. என் நாலு தப்பும் என்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தன் தப்பு தனக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொண்டு நான் கேள்விப்பட்டதில்லை.

“ஒண்ணுகூட ஒத்துப்போகல,” என்றார் தராசு. “இவங்க தப்பு இவங்களோடது, அவர் தப்பு அவரோடது. ரெண்டும் ரெண்டு கண்ணுதான். ரெண்டு ஓட்டும் நிக்கும்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பல் வரிசையாக, நன்றாகவே இருந்தது.

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “என்னோட அளவு மட்டும் ஏன் ஏறல?” என்று கேட்டார்.

“நீங்களும் அந்த அறுபதைப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும் மேடம்,” என்றார் தராசு.

“எனக்கு மீட்டிங் இருக்கு,” என்றார் மேடம்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் நான் குதிக்காத குறைதான். நிதானம் கையில் என் நாலு படங்களின் அச்சுப்பிரதி இருந்தது. தராசிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“எதுக்கு?” என்றேன்.

“நீங்க எங்க தப்பு விட்டீங்கன்னு பார்க்கத்தான்.”

ஜன்னலோரம் நின்று பார்த்தோம். முதல் படத்தை என் முன்னால் நீட்டினார். “இது தட்டு. இங்க நடுவுல லேசா வீங்கியிருக்கு பாருங்க. இந்த முனை மெலிஞ்சு போகுது.”

பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தும் பார்த்தேன். அவருக்காகவாவது அது தட்டாகத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் தெரியவில்லை.

“எனக்கு வெள்ளரியாத்தான் தெரியுது,” என்றேன்.

“வரைஞ்சவங்களே தட்டுன்னு சொல்லிட்டாங்க.”

“சொல்லட்டும். எனக்குத் தெரியறதைத்தானே நான் சொல்ல முடியும்.”

அவர் காகிதத்தை மடித்தார். என்னை நேராகப் பார்த்தார். “நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் சேர்ந்து வந்தது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சரி என்றேன். ஆனால் அது வெள்ளரிதான் என்றும் சொல்லிவைத்தேன்.